ரஷ்யாவின் முதல் காகித ரூபிள்: தாளைச் சோதிப்பதும் கணக்கை வெள்ளிக்கு மாற்றுவதும்

1769 முதல் 1843 வரை ரஷ்யப் பேரரசு வெளியிட்ட காகிதப் பணத்துக்கு அசிக்னாட்சியா என்று பெயர். அப்படி ஒரு தாள் கைக்கு வந்தாலும் சரி, ஏலப் பட்டியலில் படமாக வந்தாலும் சரி, பெரும்பாலோர் முதலில் பார்ப்பது தொகையை. அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஆண்டு. ஒரு ஆண்டில் தாள் நல்லது என்று காட்டும் அடையாளமே இன்னொரு ஆண்டில் அதைப் போலி என்று காட்டிக்கொடுக்கும். கையெழுத்து அச்சாகி இருந்தால் 1808 என்று ஆண்டு போட்ட தாள் கள்ளத்தாள். 1819 என்று போட்ட தாளில் அதே அச்சுக் கையெழுத்து இருந்தே ஆக வேண்டும். பழைய கணக்கேடுகளில் வரும் ரூபிளும் அப்படித்தான். 1787-இன் 100 ரூபிளும் 1815-இன் 100 ரூபிளும் பெயரில் மட்டும் ஒன்று.

எனவே இந்த வழிகாட்டியில் எல்லாமே ஆண்டிலிருந்து தொடங்குகிறது. முதலில் தாள், பிறகு கணக்கு.

கையில் இருக்க வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மில்லிமீட்டர் ஸ்கேல், சிறிய டார்ச், அடியிலிருந்து வெளிச்சம் தரும் லைட் பாக்ஸ், 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு. லைட் பாக்ஸ் இல்லையென்றால் பகல் வெளிச்சம் விழும் ஜன்னல் கண்ணாடி போதும். பருத்திக் கையுறை வேண்டாம். ஓரம் கிழிந்த தாளில் நூல் மாட்டி இழுக்கும். விரலின் உணர்வும் மங்கிவிடும். கழுவி நன்றாகத் துடைத்து உலர்ந்த கையே மேல்.

எதற்காக வந்த தாள்

சோதிக்கும்போது எதைத் தேடுகிறோம் என்று தெரிய இந்தப் பின்னணி அவசியம். பதினெட்டாம் நூற்றாண்டு ரஷ்யாவில் வெள்ளி பற்றாக்குறை; புழக்கத்தில் பெரும்பகுதி செம்புக்காசு. ஒரு பூது, அதாவது 16.38 கிலோ செம்பில் 16 ரூபிளுக்குக் காசு அடித்தார்கள். 5 கோபெக் காசு ஒன்று 51 கிராம் (100 கோபெக் ஒரு ரூபிள்). 100 ரூபிளைச் செம்பில் கொடுத்தால் எடை 102 கிலோ. வரிப்பணத்தை மாகாணத்திலிருந்து தலைநகருக்குக் கொண்டுவர வண்டி வண்டியாக வேண்டியிருந்தது.

பேரரசர் மூன்றாம் பீட்டர் 1762-இல் வங்கித்தாள் வெளியிட ஆணை போட்டார். ஆனால் சில வாரங்களில் அரியணையே பறிபோனதால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1768-இல் துருக்கியோடு போர் தொடங்கியதும் பேரரசி இரண்டாம் கேத்தரின் அந்த யோசனையை மீண்டும் கையில் எடுத்தார். 1768 டிசம்பர் 29-இல் பிரகடனம் வந்தது. (இது பழைய ஜூலியன் நாள்காட்டி; இன்றைய கணக்கில் 1769 ஜனவரி 9. ரஷ்ய ஆவணத் தேதிகளுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் 11 நாளும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் 12 நாளும் கூட்டிக்கொள்ள வேண்டும்.) பீட்டர்ஸ்பர்க்கிலும் மாஸ்கோவிலும் இரண்டு வங்கிகள், ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் ரூபிள் செம்புக்காசு மூலதனம், இரண்டுக்கும் மேலாளர் கவுண்ட் ஆந்த்ரேய் ஷுவாலோவ். தாளை மக்கள் வாங்கிப் பழக வேண்டும் என்பதற்காக ஒரு கட்டாயமும் இருந்தது: கருவூலத்தில் 500 ரூபிள் கட்டுகிறவர் அதில் 25 ரூபிளாவது காகிதமாகக் கட்ட வேண்டும்.

தாளைக் கொண்டுவருபவருக்கு “புழங்கும் நாணயத்தில்” பணம் தரப்படும் என்பது அதில் அச்சான வாக்குறுதி. ரஷ்ய மொழியில் “கோத்யாச்சேயு மொனேத்தோயு”. வெள்ளி தருவதாக அந்த வாசகம் சொல்லவில்லை. வங்கி செம்பை எண்ணிக் கொடுத்தாலே வாக்கு நிறைவேறியதாகிவிடும். பின்னால் காகிதம் வெள்ளியிடமிருந்து விலகிச் சரிந்ததற்கு இடம் கொடுத்தது இந்த வரிதான். கள்ளத்தாளைப் பிடிக்கவும் இதே வரி உதவும். அதைக் கீழே பார்ப்போம்.

முதல் சல்லடை: ஆண்டும் தொகையும் ஒத்துப்போகிறதா

தாளில் அச்சான ஆண்டைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் நாம் எழுதும் அதே எண்கள்தான். ரஷ்ய எழுத்து தெரியாதவரும் படிக்கலாம். பிறகு அந்த ஆண்டில் அந்தத் தொகைக்குத் தாள் இருந்ததா என்று பாருங்கள்.

1769 முதல் 1771 வரை 25, 50, 75, 100 ரூபிள். 1772 முதல் 1785 வரை 25, 50, 100 மட்டும். 1786-இல் தொடங்கும் இரண்டாவது வகையில் 5, 10, 25, 50, 100. 1819-இல் புழக்கத்துக்கு வந்த மூன்றாவது வகையில் இவற்றோடு 200 ரூபிளும் சேர்ந்தது. 1843-இல் எல்லாம் முடிந்தது.

இந்த ஒரு பத்தியே விற்பனைக்கு வரும் தாள்களில் பலவற்றைக் கழித்துவிடும். 1 ரூபிள், 3 ரூபிள் அசிக்னாட்சியா என்று எதுவும் இருந்ததில்லை. அப்படிச் சொல்லி விற்கப்படுவது 1840 முதல் வந்த வைப்புத்தாளாகவோ கடன்தாளாகவோ இருக்கும். அவை வெள்ளி ரூபிள் கணக்கில் வந்தவை, வேறு இனம். அலாஸ்காவில் ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி 1816 முதல் தோலில் அச்சிட்டுத் தன் ஆட்களுக்குக் கொடுத்த சிறு தொகைச் சீட்டுகளும் அரசுப் பணம் அல்ல. அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு, இந்த வரிசையில் இடமில்லை.

இதே கட்டத்தில் வங்கியின் பெயரையும் பாருங்கள். 1786-க்கு முன் எந்த நகரத்து வங்கி பணம் தரும் என்று தாளிலேயே இருக்கும்: பீட்டர்ஸ்பர்க் அல்லது மாஸ்கோ. 1786-இல் இரண்டையும் சேர்த்து ஒரே அரசு அசிக்னாட்சியா வங்கி ஆக்கினார்கள். ஆண்டு 1795, வாசகத்தில் மாஸ்கோ வங்கி என்றால் அந்தத் தாளை அங்கேயே கீழே வைத்துவிடலாம்.

காகிதம்

முதல் வகைத் தாள் பெரியது. ஏறத்தாழ 190 × 250 மில்லிமீட்டர். வெள்ளைக் காகிதம், கறுப்பு மை, ஒரு பக்க அச்சு. காகிதம் பீட்டர்ஸ்பர்க்கை அடுத்த கிராஸ்னோயே செலோ ஆலையில் கையால் வார்த்தது. இரண்டாவது வகை அதைவிடச் சிறியது. அதில் 5 ரூபிள் நீலக் காகிதத்திலும் 10 ரூபிள் சிவப்புக் காகிதத்திலும் வந்தன. பெரிய தொகைகள் வெள்ளையிலேயே நின்றன. நிறம் காகிதக் கூழிலேயே கலந்தது என்பதால் கிழிந்த ஓரத்தை லென்ஸில் பார்த்தால் உள்ளேயும் நிறம் தெரியும். ஓரம் வெள்ளையாகவும் மேல்பரப்பு மட்டும் நீலமாகவும் இருந்தால் பின்னாளில் சாயம் பூசிய காகிதம். எழுதப்படிக்கத் தெரியாதவரும் தொகையை அடையாளம் காணட்டும் என்று செய்த இந்த ஏற்பாடு நீண்ட நாள் நிலைத்தது. 1843-க்குப் பிறகு வந்த கடன்தாள்களிலும் 5 நீலம், 10 சிவப்பு.

நீர்க்குறியை லைட் பாக்ஸில் பாருங்கள். முதல் வகையில் ஓரங்களைச் சுற்றி ரஷ்ய எழுத்துகளில் வாசகம் ஓடும்: “தாய்நாட்டின் மீது அன்பு”, “அதன் நன்மைக்காகச் செயல்படுகிறது”, “அரசுக் கருவூலம்”. நான்கு மூலைகளில் மாஸ்கோ, கசான், அஸ்த்ரகான், சைபீரியா ஆகிய நான்கின் சின்னங்கள். உண்மையான நீர்க்குறி என்பது காகிதத்தின் கனத்தில் உள்ள வேறுபாடு. எனவே வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் மட்டும் தெளிவாகத் தெரியும். மேசையில் வைத்து நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். மேசையில் வைத்தபோதே சாம்பல் நிறக் கோடாகத் தெரிந்தால் அது எண்ணெயிலோ வெளிர் மையிலோ அச்சிட்டது. புற ஊதா விளக்கில் அந்த எண்ணெய்க்கோடு தனியாகப் பளிச்சிடவும் கூடும்.

புற ஊதா விளக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. அக்காலக் காகிதம் கந்தைத் துணி நாரில் செய்தது. விளக்கில் மங்கலாகக் கிடக்கும். 1950-களுக்குப் பிந்தைய காகிதத்தில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் நீல-வெள்ளையாக ஒளிரும். ஒளிர்ந்தால் நினைவுப்பொருளாக விற்ற நகல் என்று முடிவு செய்யலாம். ஆனால் ஒளிரவில்லை என்பதற்காக நல்லது என்று முடிவு கட்ட முடியாது. பழைய புத்தகங்களின் வெற்றுப் பக்கத்தைக் கிழித்து அதில் அச்சிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

புடைப்பு முத்திரை

முதல் வகைத் தாளின் மேல்பகுதியில் மையில்லாமல் அழுத்திய இரண்டு நீள்வட்டங்கள் உண்டு. ஒன்றில் கொடிகள், பீரங்கிகள் நடுவே கழுகு. “அமைதி தருகிறது, காக்கிறது” என்ற வாசகம். மற்றதில் கொந்தளிக்கும் கடலுக்கு நடுவே பாறை. “சேதமுறாதது” என்ற ஒரே சொல். அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் காகிதத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெற்றிடமாகத் தெரிந்த இடத்தில் பாறையும் அலையும் எழுந்து நிற்கும். டார்ச்சை மெதுவாகச் சுற்றினால் நிழலும் பாறையைச் சுற்றி நகரும். அச்சிட்ட நிழலாக இருந்தால் அசையாது.

பல தாள்களில் இந்த முத்திரை ஏறக்குறைய அழிந்திருக்கும். பெரும்பாலும் காரணம் பழைய உரிமையாளர் மடிப்பு நீங்கத் தாளை நனைத்து அழுத்தியதோ இஸ்திரி போட்டதோதான். எனவே முத்திரை மங்கல் என்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவெடுக்க வேண்டாம். தாளைத் திருப்பி, பின்பக்கமும் இதே சாய்வெளிச்சத்தில் பாருங்கள். முன்னால் தட்டையாகிப் போனது பின்னால் பள்ளமாகச் சில இடங்களில் மிஞ்சியிருக்கும்.

75 ரூபிளும் சுரண்டிய தாளும்

வெளியாகி இரண்டே ஆண்டில் பெரிய மோசடி பிடிபட்டது. 25 ரூபிள் தாளை 75 ஆக்கியிருந்தார்கள். எல்லாத் தொகைக்கும் ஒரே அளவு, ஒரே அமைப்பு, ஒரே கறுப்பு மை. ரஷ்ய மொழியில் இருபத்தைந்து “த்வாட்ஸத் பியாத்”, எழுபத்தைந்து “ஸேம்திஸ்யத் பியாத்”. பின்பாதி ஒன்றே என்பதால் முன்பாதியைச் சுரண்டித் திருத்தினால் போதும், 50 ரூபிள் லாபம். 1771 ஜூனில் 75 ரூபிள் தாள் வெளியிடுவதை நிறுத்தி, வெளியே இருந்தவற்றையும் திரும்பப் பெற்றார்கள்.

இதனால் இரண்டு விளைவு. உண்மையான 75 ரூபிள் தாள் மிக அரிது. அதிக விலை போகும் என்பதால் 25-ஐத் திருத்தும் ஆசை இன்றைக்கும் இருக்கிறது. 75 ரூபிள் என்று ஒன்று எதிர்ப்பட்டால் ஆண்டு 1771-ஐத் தாண்டக் கூடாது. அடுத்து, தொகையை எழுதிய சொல்லின் முதல் பாதிக்குப் பின்னால் வெளிச்சம் வையுங்கள். சுரண்டிய இடம் மெலிந்து சுற்றியுள்ள பகுதியைவிட வெளிச்சமாகத் தெரியும். சாய்வெளிச்சத்தில் நார்கள் எழும்பி நிற்கும். லென்ஸில் அந்த எழுத்துகளின் ஓரம் கசிந்திருக்கும்; காகிதத்தின் மேல்பூச்சு சுரண்டலில் போய்விட்டதால் புது மை நாருக்குள் ஊறிப் பரவியிருக்கும். பின்பாதியின் எழுத்துகள் கூர்மையாக நின்று, முன்பாதி மட்டும் கசிந்திருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

நெப்போலியனின் கள்ளத்தாள்

சேகரிப்பாளர்களிடம் அதிகம் சுற்றுவது இதுதான். 1812 படையெடுப்புக்காக நெப்போலியனின் ஆட்கள் பாரிஸில் ரஷ்யத் தாளை ரகசியமாக அச்சிட்டார்கள். படைக்கு வேண்டிய தானியத்தையும் தீவனத்தையும் அதைக் கொடுத்து வாங்கினார்கள். இரண்டாவது வகையைப் பார்த்துச் செய்தது. பெரும்பாலும் 25 ரூபிள். வேலைப்பாடு உயர்தரம், பல இடங்களில் அசலைவிட அச்சு நேர்த்தி. அழுக்கும் கசங்கலுமான அசலுக்குப் பக்கத்தில் வைத்தால் புதியவர் போலியைத்தான் தேர்ந்தெடுப்பார். அச்சின் அழகை வைத்து ஒருபோதும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு.

ஒன்று கையெழுத்து. அசலில் வங்கி அதிகாரிகள் ஒவ்வொரு தாளிலும் இறகுப் பேனாவால் மை தொட்டு எழுதினார்கள். அந்த மை இரும்புச் சத்து உள்ளது; இருநூறு ஆண்டில் பழுப்பாகிவிடும். லென்ஸில் கோட்டின் அகலம் கூடிக் குறையும். அழுத்திய இடத்தில் பேனா முனை இரண்டாகப் பிரிந்து இரு விளிம்பிலும் கருமை தங்கியிருக்கும். மை தீர்ந்து மறுபடி தொட்ட இடமும் தெரியும். சில தாள்களில் மை காகிதத்தை அரித்துப் பின்பக்கம் பழுப்பாக ஊறியிருக்கும். நெப்போலியன் தாளில் கையெழுத்தையும் செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்டுவிட்டார்கள். வாசகத்தின் கறுப்பும் கையெழுத்தின் கறுப்பும் ஒன்றாக இருக்கும். கோடு சீராக ஓடும். பின்பக்கம் அரிப்பு இருக்காது.

மற்றது எழுத்துப்பிழை. ரஷ்ய எழுத்து அறியாத செதுக்குநர்கள் த ஒலிக்குரிய எழுத்தை ல ஒலிக்குரியதாக வெட்டிவிட்டார்கள். இரண்டும் கூரை போல மேலே குவிந்தவை. த-வுக்குக் கீழே ஒரு படுக்கைக்கோடும் அதன் இரு முனையிலும் சிறு கால்களும் உண்டு. ல-வுக்கு அவை இல்லை. “கோத்யாச்சேயு” என்று இருக்க வேண்டிய இடத்தில் “கோல்யாச்சேயு”. “அரசின்” என்று பொருள்படும் “கொசுதார்ஸ்த்வென்னயா” என்பதில் “கொசுலார்ஸ்த்வென்னயா”. மொழி தெரிய வேண்டியதில்லை. அந்த எழுத்துக்குக் கால் இருக்கிறதா என்று லென்ஸில் பார்த்தால் போதும். பிழை இல்லாத நெப்போலியன் தாள்களும் உண்டு. பிழை இருந்தால் போலி உறுதி. இல்லாவிட்டால் கையெழுத்துச் சோதனைக்குத் திரும்புங்கள்.

நெப்போலியன் தாளைக் குப்பை என்று எறிந்துவிட வேண்டாம். அது 1812 போரின் நேரடிச் சாட்சி. அந்தப் பெயரிலேயே வாங்கி விற்கப்படுகிறது. தவறு நடப்பது அதை அசல் என்று எழுதி வைக்கும்போதுதான்.

1819-க்குப் பிறகு விதி தலைகீழ்

போர் முடிந்தபோது கள்ளத்தாள் ஒரு பக்கம், அளவில்லாமல் அச்சிட்ட நல்ல தாள் மறு பக்கம். 1818-இல் பீட்டர்ஸ்பர்க்கின் ஃபொந்தான்கா கரையில் அரசுத் தாள்கள் தயாரிப்பதற்கென்றே தனி ஆலை கட்டினார்கள். பொறியாளர் அகுஸ்தின் பெத்தான்கூர் திட்டமிட்ட ஆலை. காகிதம் வார்ப்பது முதல் எண் போடுவது வரை ஒரே வளாகம். அங்கே அச்சான தாளில் சிறகைக் கீழ்நோக்கி விரித்த இருதலைக் கழுகு. நகங்களில் தீப்பந்தமும் மின்னலும் வாகைமாலையும். வங்கி மேலாளர் இளவரசர் கோவான்ஸ்கியின் கையெழுத்து அச்சில். காசாளர் கையெழுத்து மட்டும் பேனாவில்.

இந்த வகையில் சோதனை இப்படி: அச்சுக் கையெழுத்து ஒன்று, மைக் கையெழுத்து ஒன்று. இரண்டும் அச்சானால் போலி. கோவான்ஸ்கியின் பெயர் பேனாவில் எழுதியிருந்தாலும் போலி. முதல் இரண்டு வகைக்குப் பழகிய கண் இங்கே தடுமாறும். அதற்காகத்தான் ஆண்டை முதலில் குறித்துக்கொள்ளச் சொன்னது.

பாதுகாப்பு, சுருக்கமாக

நனைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். ஒட்டு டேப் கூடவே கூடாது. அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்தில் நிரந்தரமாக இறங்கும். பி.வி.சி. உறை நாளடைவில் அமில ஆவி விடும்; பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். இரும்பு மை எழுத்துள்ள தாளுக்கு ஈரப்பதம்தான் முதல் எதிரி. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிற்கட்டும். கடலோர ஊர்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாதந்தோறும் மாற்ற வேண்டியிருக்கும்.

கணக்கை வெள்ளிக்கு மாற்றுவது

தாளைவிட அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. கடிதம், சம்பளப் பட்டியல், நில விற்பனை என்று எதில் “ரூபிள்” என்று வந்தாலும் 1787-க்கும் 1839-க்கும் இடையில் அது இரண்டு வேறு பணங்களில் ஒன்று. வெள்ளி ரூபிள் 1764-க்குப் பிறகு ஏறத்தாழ ஒரே அளவில் நின்றது: சுத்த வெள்ளி 18 கிராம். காகித ரூபிள் அப்படி நிற்கவில்லை.

1786-இல் புழக்கத்தில் 4.6 கோடி ரூபிள் காகிதம். அந்த ஆண்டுப் பிரகடனத்தில் 10 கோடிக்கு மேல் ஒருபோதும் போகாது என்று கேத்தரின் வாக்குக் கொடுத்தார். மறு ஆண்டே துருக்கியோடு அடுத்த போர். அவர் இறந்த 1796-இல் 15.77 கோடி. நெப்போலியன் போர்கள் முடிந்த பிறகு, 1817-இல் 83.6 கோடி. நடுவில் 1810-இல் பேரரசரின் ஆலோசகர் ஸ்பெரான்ஸ்கியின் திட்டப்படி அச்சடிப்பதை நிறுத்துவதாகவும், வெளியே உள்ள தாளெல்லாம் அரசின் கடன் என்றும் அறிவித்தார்கள். 1812 போர் அந்த அறிவிப்பைத் தூக்கிச் சாப்பிட்டது.

ஒரு காகித ரூபிளுக்கு எத்தனை வெள்ளிக் கோபெக் கிடைத்தது என்பதை இப்படி நினைவில் வையுங்கள். 1769 முதல் 1786 வரை ஏறக்குறைய சமம், மாற்ற வேண்டியதில்லை. 1787-இல் 97. 1790-இல் 87. 1795-இல் 68½. 1800-இல் 65 அளவில். 1810-க்குள் பாதாளம். 1814, 1815-இல் 20 முதல் 25. நிதியமைச்சர் குரியெவ் 1817 முதல் தாளைத் திரும்பப் பெற்று 59.6 கோடிக்குக் குறைத்தார். அதற்கு ஏராளமாகக் கடன் வாங்கியும் விலை 25-இலிருந்து சற்றே நகர்ந்தது. 1830-களில் 28-க்கு அருகில்.

கணக்கு எளிது. காகிதத் தொகையை அந்த ஆண்டின் கோபெக்கால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் வெள்ளி ரூபிள். அதை 18-ஆல் பெருக்கினால் வெள்ளியின் கிராம். ஒரு அதிகாரிக்கு ஆண்டுச் சம்பளம் காகிதத்தில் 600 ரூபிள் என்று வைத்துக்கொள்வோம். 1787-இல் அது 582 வெள்ளி ரூபிள். சுமார் 10½ கிலோ வெள்ளி. 1795-இல் 411 ரூபிள், 7.4 கிலோ. 1815-இல் 120 முதல் 150 வரை; 2.2 முதல் 2.7 கிலோ. பட்டியலில் எண் மாறவே இல்லை, சம்பளம் நாலில் ஒன்றாகிவிட்டது. சம்பளத்தை உயர்த்தாத அரசு தன் ஊழியரின் கையிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பது இந்தக் கணக்கைப் போட்டால்தான் புரியும்.

இரண்டு எச்சரிக்கை. 1808 முதல் 1815 வரை விலை ஒரே ஆண்டுக்குள் பெரிதாக ஏறி இறங்கியது. ஆண்டுச் சராசரியை வைத்துக் குறிப்பிட்ட நாளின் பேரத்தை மாற்றாதீர்கள். மேலும் வெள்ளிக்கு மாற்றிய தொகையை வாங்கும் திறன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்நாட்டில் தானிய விலை பீட்டர்ஸ்பர்க் நாணயச் சந்தையோடு கூடவே ஓட வேண்டும் என்பதில்லை.

1820-களிலும் 1830-களிலும் சிக்கல் இன்னும் ஒரு படி கூடும். மக்கள் மனக்கணக்கில் ஒரு “ரூபிள்” வைத்திருந்தார்கள்; காசு, காகிதம் இரண்டையும் அந்தக் கணக்கில் வட்டம், அதாவது முகமதிப்புக்கு மேல் ஒரு கூடுதல், வைத்து வாங்கினார்கள். இந்த வட்டத்துக்கு “லாஷ்” என்று பெயர். ஊருக்கு ஊர் வேறு. 1830-களின் இறுதியில் ஒரு வெள்ளி ரூபிள் வரி அலுவலகத்தில் 3 ரூபிள் 60 கோபெக். மாஸ்கோ சந்தையில் 4 ரூபிள் 20 கோபெக் வரை. அதாவது மாஸ்கோ கடைக்காரர் 84 ரூபிள் என்று சொன்னால் 20 வெள்ளி ரூபிள் கொடுத்தால் போதும். அதையே 3.60 கணக்கில் மாற்றினால் 23⅓ வரும், தவறு. காகிதத்துக்கும் இதே வட்டம் உண்டு: 100 ரூபிள் தாள் அந்தச் சந்தையில் 116 ரூபிளுக்கு மேல் ஓடும். எனவே இந்தக் காலத்து ஆவணத்தில் மூன்று கேள்விகள்: எந்த ஊர், அரசுக்குச் செலுத்தியதா சந்தைப் பேரமா, எதில் கொடுக்கப்பட்டது.

நிதியமைச்சர் கான்க்ரின் இதற்கு முடிவு கட்டினார். 1839 ஜூலை 1 பிரகடனப்படி ஒரு வெள்ளி ரூபிள் = 3 ரூபிள் 50 கோபெக் காகிதம்; மாறாத விகிதம். 1840 ஜனவரி 1 முதல் கணக்கெல்லாம் வெள்ளியில். இந்தக் காலத்துக்கு 3.5-ஆல் வகுத்தால் போதும்: 5 ரூபிள் தாள் 1 ரூபிள் 42 6/7 கோபெக், 10 என்றால் 2 ரூபிள் 85 5/7, 25 என்றால் 7 ரூபிள் 14 2/7, 100 என்றால் 28 ரூபிள் 57 1/7. ஏட்டில் கோபெக்குக்குப் பின்னால் ஏழில் ஒரு பின்னம் வந்தால், அது காகிதத்திலிருந்து மாற்றிய தொகை என்பது நிச்சயம். 1843-இல் மிச்சமிருந்த 59,57,76,310 ரூபிள் காகிதத்தையும் இதே விகிதத்தில் கடன்தாளாக மாற்ற முடிவானது: 17,02,21,802 ரூபிள் 85 5/7 கோபெக் வெள்ளி.

சட்டம் மாறியும் வாய்ப்பழக்கம் உடனே மாறவில்லை. 1840-களின் தனியார் கடிதங்களில் இன்னும் காகிதக் கணக்கே பேசுவார்கள். அரசு ஏட்டில் தொகைக்குப் பின் “ஸெர்.” என்ற சுருக்கம் இருந்தால் வெள்ளி, “அஸ்.” என்றால் காகிதம். சுருக்கம் இல்லாத தனியார் தாளில் அதே பொருளின் விலையைப் பக்கத்து ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றரை மடங்கு திடீரென்று இறங்கினால் விலை சரியவில்லை, எழுதுகிறவர் வெள்ளிக்கு மாறியிருக்கிறார். செம்புக்காசு கூட இருந்தால் இன்னும் நல்லது: 1839 முதல் 1848 வரை அடித்த காசுகளில் கோபெக் என்பதோடு “வெள்ளியில்” என்றும் பொறித்திருக்கும். 1830 முதல் 1839 வரை பூதுக்கு 36 ரூபிள் வீதம் அடித்த பழைய 10 கோபெக் 45½ கிராம். அதில் அந்தச் சொல் இருக்காது, புதுக் கணக்கில் 3 கோபெக்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் தேறும்.